தாமுவே வீட்டுத் தொலைக்காட்சியும் அரைச் சாண் காற்றாடியும்

"மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று தொலைக்காட்சியைப் பழுது பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் பெரியப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, காலையில் ஆறு மணிக்குப் போட்டால் எட்டு மணி வரைக்கும் நன்றாக ஓடுகிறது. ராத்திரி போட்டால் முக்கால் மணியில் செத்துப் போகிறது. செத்த மதர்போர்டு விடிந்ததும் எப்படி உயிரோடு எழுந்து வரும்?"

எழுபது வயதைத் தாண்டிய, மின்சாரம் பற்றி எதுவும் படிக்காத மனிதரின் கேள்வி இது. ஆய்வின் பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். பழுதான பாகம் பொதுவாக நேரம் காலம் பார்க்காது. நேரம் பார்த்து வரும் கோளாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது.

நான் மியான்மரின் யாங்கோனில் இறால், மீன் பதனிடும் குளிர்கிடங்கு ஒன்றில் 22 ஆண்டுகளாக இயந்திரப் பிரிவில் இருக்கிறேன். ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுவதுதான் என் பிழைப்பு. தொலைக்காட்சி என் துறை அல்ல. ஆனால் சூடு என் துறை. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாங்கோனின் தாமுவே பகுதிக்குப் பஸ் ஏறினேன்.

வீடும் மாடமும்

பெரியப்பாவின் வீடு நான்காம் மாடியில். யாங்கோனின் அடுக்ககங்களைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு தெரிந்திருக்கும்: அகலம் 12½ அடி, நீளம் 50 அடி. தெருப்பக்கம் ஒரு பால்கனி, கொல்லைப்பக்கம் ஒரு சன்னல், நடுவில் காற்றும் வெளிச்சமும் எட்டிப் பார்க்காத ஒரு நீண்ட குகை. தொலைக்காட்சி அந்தக் குகையின் நடுவில், இடப்பக்கச் சுவரில் ஒரு தேக்கு மாடத்துக்குள் இருந்தது.

மாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றவாளி அதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி வாங்கியபோது பெரியப்பா தச்சரை வரவழைத்து அதற்கென்றே செய்வித்தது. உள்ளளவு 100 சென்டிமீட்டர் அகலம், 61 உயரம், 20 ஆழம். தொலைக்காட்சியோ 96க்கு 56. பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். இப்படிப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளோடு வரும் கையேடுகள் சுற்றிலும் பத்து சென்டிமீட்டராவது விடச் சொல்லும். பின்பலகை ஒட்டுப்பலகை. மூட்டுகள் அத்தனை நேர்த்தி. ஒரு கரப்பான்பூச்சிகூட உள்ளே நுழையாது என்று தச்சர் உத்தரவாதம் கொடுத்தாராம். கரப்பான் நுழைய முடியாத இடத்தில் காற்று மட்டும் எப்படி நுழையும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மாடத்தின் கூரைப் பலகைதான் பெரியம்மாவின் சாமி அலமாரி. முருகன் படம், காளியம்மன் படம், பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுச் சம்புடம், காலையும் மாலையும் ஏற்றும் ஒரு காமாட்சி விளக்கு. ஆக, கீழே 95 வாட் தொலைக்காட்சி, மேலே எண்ணெய் விளக்கு.

மாடத்துக்குள் இன்னும் இருவர் குடியிருந்தார்கள். ஒன்று, தமிழ்நாட்டு அலைவரிசைகளை வாங்கித் தரும் ரிசீவர். மற்றது, தொலைக்காட்சியின் காலடியில் ஒரு மூலையில் கிடந்த மின்னழுத்த ஸ்டெபிலைசர். தாமுவேயில் மாலை வேளையில் மின்னழுத்தம் பள்ளத்தில் இறங்கும். மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. வந்தவுடன் தெரு முழுவதும் தண்ணீர் மோட்டாரையும் சோற்றுக் குக்கரையும் ஒரே மூச்சில் போடுகிறது. அதனால் ஸ்டெபிலைசர் இல்லாத வீடு அங்கே அபூர்வம். அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானையின் மூடிபோல இருந்தது.

சந்தேகத்துக்கு உரியவை

வெப்பம்தான் என்று மனம் சொன்னாலும் கையில் இன்னொரு சந்தேகமும் இருந்தது. காலைக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு வெப்பம் மட்டுமல்ல, மின்னழுத்தமும்தான். காலை ஆறு மணிக்குச் சுவர் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தால் 215 வோல்ட். இரவு எட்டு மணிக்கு 168. இன்றைய தொலைக்காட்சிகளின் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பின்புற அட்டையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கும். ஆனால் ஏற்பது வேறு, சுகமாக ஏற்பது வேறு. அதே வாட்டைக் குறைந்த வோல்ட்டில் எடுக்க வேண்டுமானால் ஆம்பியர் கூட வேண்டும். கம்பியிலும் டிரான்சிஸ்டரிலும் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 230இலிருந்து 150க்கு இறங்கினால் அந்தப் பகுதியின் வீண்சூடு இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டு சந்தேகத்தையும் பிரிக்க ஒரு வழி இருந்தது. காசு செலவில்லாத வழி. நானும் பெரியப்பாவின் பேரனும் சேர்ந்து தொலைக்காட்சியை மாடத்திலிருந்து வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேசையின் மேல் நிற்க வைத்தோம். அதே இரவு, அதே 170 வோல்ட்டுக்குக் கீழான மின்சாரம், அதே ஸ்டெபிலைசர். ஏழு மணிக்குப் போட்டோம். முக்கால் மணி கடந்தது, ஒரு மணி கடந்தது, மூன்று தொடர்கள் முடிந்து செய்தியும் முடிந்தது. ஒருமுறைகூட அணையவில்லை. நாங்கள்தான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மதர்போர்டு தப்பித்தது. மின்னழுத்தமும் முதல் குற்றவாளி இல்லை என்று ஆயிற்று.

அப்படியே வெளியில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். 12½ அடி அகலத்தில் இரண்டு மேசை போட்டால் நடக்க வழியில்லை. சுவரில் மாட்டலாம் என்றால், அது ஒற்றைச் செங்கல் தடுப்பு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். அதற்கெல்லாம் மேலாக, "தேக்கு மாடம் எதற்குச் செய்தேன், பூனை தூங்கவா?" என்பது பெரியப்பாவின் கட்சி.

அளந்து பார்த்தது

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி அந்த வீட்டில் இருந்தது. அதைத்தான் முதலில் நீட்டினேன். உடம்பு சூட்டுக்கென்று செய்தது என்பதால் 43 டிகிரிக்கு மேல் எண்ணைக் காட்டாமல் சிவப்பு விளக்கோடு அலறியது. 'உங்கள் தொலைக்காட்சிக்குக் கடும் காய்ச்சல்' என்பதைத் தவிர அதனால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. மறுமுறை போகும்போது மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய எண் வெப்பமானிகள் இரண்டு கொண்டுபோனேன். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் உணர்முனை இருக்கும். 110 டிகிரி வரை காட்டும். விலை நாலைந்து கிண்ணம் மொஹிங்காவுக்கு (இங்கத்திய மீன்குழம்பு நூடுல்ஸ்) மேல் போகாது. எங்கள் கிடங்கிலும் அவசரத்துக்கு இதையே பயன்படுத்துகிறோம்.

ஓர் உணர்முனையைப் பின்மூடியின் மேல்வரிசைத் துளைகளின் வாயில் ஒட்டினேன். சூடான காற்று வெளியே வரும் இடம் அது. அறையின் சூடு 34. தொலைக்காட்சியை மாடத்துக்குள் தள்ளி ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் 43, அரை மணியில் 53. நாற்பத்தைந்தாம் நிமிடம் 57. ஒரு நிமிடம் கழித்து, கதாநாயகி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள், திரை கறுத்தது, பெட்டி தானாக மறுபடி தொடங்கியது. உள்ளே இருக்கும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது. துளை வாயில் 57 என்றால் சில்லின் மேல் அதைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கும்.

அன்றே வண்ணப்பூச்சுத் தூரிகையால் துளைகளில் படிந்திருந்த தூசியைத் தட்டித் துடைத்தேன். பலன் பூஜ்யம்.

என் முதல் தவறு

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆய்வு என்று சொல்லிவிட்டுத் தோல்வியை மறைப்பது அழகல்ல.

பழைய கணினியிலிருந்து கழற்றிய 120 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்று என்னிடம் இருந்தது. 12 வோல்ட், 0.18 ஆம்பியர். அதை இருபக்க ஒட்டு நாடாவால் தொலைக்காட்சியின் பின்மூடியில், மிகச் சூடாக இருந்த இடத்தில், துளைகளை நோக்கி ஊதும்படி ஒட்டினேன். மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தேன். அது தருவது 5 வோல்ட். 12 வோல்ட் காற்றாடி 5 வோல்ட்டில் சுற்றும், ஆனால் தொடங்கத் தயங்கும். ஒவ்வொரு முறையும் பெரியப்பா ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. பழைய பஸ்ஸை முன்னால் நின்று கம்பியால் சுற்றிக் கிளப்புவார்களே, அதுபோல.

பலன்? 57 இருந்த இடத்தில் 56. முக்கால் மணியில் அணைந்தது ஐம்பத்தைந்து நிமிடத்தில் அணைந்தது. பத்து நிமிட ஆயுளுக்காக இத்தனை வேலை!

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. எங்கள் கிடங்கில் புதிதாகச் சேரும் பையன்களை நான் எதற்காகத் திட்டுகிறேனோ அதையே நான் செய்திருக்கிறேன். குளிர்சாதனத்தின் வெளி அலகை மூலையில் நெருக்கி வைத்தால், அது வெளியேற்றும் சூடான காற்றையே மீண்டும் உள்ளிழுக்கும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை. வேர்வைத் துணியால் வேர்வையைத் துடைக்கும் கதை. மாடத்துக்குள் நடந்ததும் அதுதான். வெளியே போக வழியில்லாத காற்றை நான் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாகக் கலக்கிவிட்டிருந்தேன். போதாக்குறைக்கு, சூடான காற்று தானாக மேலேறி வெளியே வரும் துளைக்குள் எதிர்த்திசையில் ஊதினேன். ஊரே வெளியே ஓடும் வாசலில் ஒருவன் மட்டும் உள்ளே தள்ளுவதுபோல.

மறு ஞாயிறு இரண்டாவது உணர்முனையைத் தொலைக்காட்சியின் அடிப்பக்கம், காற்றை உள்ளிழுக்கும் துளைகளுக்குக் கீழே வைத்தேன். இதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். அறை 34 டிகிரியில் இருக்க, பெட்டி சுவாசித்த காற்று 46 டிகிரியில் இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சிகளின் கையேடுகளில் சூழலின் உச்ச வரம்பு பெரும்பாலும் 40 என்றுதான் இருக்கும். யாங்கோனின் ஏப்ரல் நடுப்பகல்கூட அந்தப் பெட்டிக்கு ஊட்டிதான்.

படிப்படியாகச் செய்தது

ஒரு நாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. காற்றாடிதான் காப்பாற்றியது என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். எல்லா அளவுகளும் அறை 34ஐ ஒட்டி இருந்த இரவுகளில், ஒன்றரை மணி நேரம் ஓடிய பின் எடுத்தவை. அதற்குள் அணைந்தால் அணைந்த நொடியின் அளவு.

முதலில் ஸ்டெபிலைசரையும் ரிசீவரையும் மாடத்திலிருந்து வெளியேற்றிப் பக்கத்து முக்காலியில் வைத்தேன். மேல்துளை 57இலிருந்து 55 ஆயிற்று. கீழே 46 இருந்தது 44. ஒன்றரை மணி நேரம் தாண்டியது. ஆனால் அடுத்த வாரம் அறை 36 இருந்த ஓர் இரவில் மறுபடி அணைந்தது. விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குள் திஞ்ஜான் வந்துவிட்டது. தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து வரும் அந்த நாட்களில் கடை, தச்சர், பஸ் எதுவும் கிடைக்காது. தெருவெல்லாம் நனைந்துகொண்டிருக்க, பெரியப்பா காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தொலைக்காட்சி பார்த்துக் கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தார்.

விடுமுறை கழிந்ததும் மாடத்தை அறுத்தோம். 'அறுத்தோம்' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அதற்கு முன் ஒரு மாலை முழுவதும் பேச்சுவார்த்தை. சூடான காற்றுக்கு வழி கூரையில்தான் வைக்க வேண்டும். கூரையிலோ சாமி.

"சாமிக்குக் கீழே ஓட்டை போட்டு டி.வி.யின் புகையை அவர்கள் முகத்தில் விடப்போகிறாயா?" என்றார் பெரியம்மா.

"புகை இல்லை பெரியம்மா, சூடான காற்று."

"எதுவாக இருந்தால் என்ன, கீழேயிருந்து மேலே போகக் கூடாது."

நல்லவேளையாகத் தச்சர் மாடத்தைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல், இடையில் ஓர் அங்குல ரீப்பர் கொடுத்து நிறுத்தியிருந்தார். பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குல வெளி. கூரையைத் தொடாமல் பின்பலகையின் மேல்விளிம்பில் 70 சென்டிமீட்டர் நீளம், 4 உயரத்துக்கு ஒரு பிளவு. அடிப்பலகையில் முன்பக்கமாக அதே அளவு இன்னொன்று. கீழே நுழையும் காற்று சூடேறி மேலே ஏறி, பின்னால் வழுவிப் போய்விடும். அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதும் இதே கணக்குத்தான். தச்சரின் ரம்பத்தை நான்காம் மாடிக்குத் தூக்கியது பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறு. யாங்கோனில் செய்தித்தாளும் கீரைக்கட்டும் மாடியேறுவது அந்தக் கயிற்றில்தான். மின்சாரம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கைரம்பத்தால் அறுத்தோம். பெட்டியை வெளியே எடுத்து, மரத்தூளை முழுக்கக் கூட்டிய பிறகே திரும்ப வைத்தோம்.

காற்றாடி எதுவும் இல்லாமல், அன்றிரவு மேல்துளை 48. கீழே 37. ஏழு டிகிரி குறைந்தது, இரண்டு பிளவுகளுக்கு. நான் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தேன், பழுதில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் தொழில் புத்தி நிறுத்தச் சொன்னது. ஆனால் அறையே 38, 39க்குப் போகும் பகல்கள் அந்த வீட்டில் உண்டு. நடுக்குகையில் இயற்கைக் காற்றோட்டம் சோம்பேறி. அதோடு, பெரியப்பா காற்றாடி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

எவ்வளவு காற்று வேண்டும்? இந்தக் கணக்கு எங்கள் தொழிலில் தினமும் போடுவது. ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் வேண்டும். 100 வாட் சூட்டை, காற்று பத்து டிகிரிக்கு மேல் ஏறாமல் கொண்டுபோக வேண்டுமானால் நொடிக்கு எட்டு லிட்டர் சொச்சம், நிமிடத்துக்கு 500 லிட்டர் காற்று போதும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். 120 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்று மெதுவாகச் சுற்றினாலே அதைத் தந்துவிடும். இரண்டு மூன்று மாட்டுவது சத்தத்துக்குத்தான் உதவும்.

இந்த முறை 5 வோல்ட்டுக்கென்றே செய்த காற்றாடியைத் தேடினேன். அனோரத்தா சாலையில், காளி கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் நடைபாதையில் பழைய அடாப்டரும் ரிமோட்டும் பரப்பி வைத்திருக்கும் கடைகளில் ஒன்றில் கிடைத்தது. எங்கள் தாத்தா காலத்துக்காரர்கள் அந்தச் சாலையை இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். 5 வோல்ட், 0.25 ஆம்பியர், ஒன்றேகால் வாட். தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையில் 0.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது, ஆகவே பாதிச் சுமைதான். அந்தத் துளையில் ஒரு வசதி உண்டு: பெட்டியை அணைத்தால் அதுவும் அணைந்தது. எல்லாப் பெட்டிகளிலும் அப்படி இருக்காது. அணைத்துவிட்டுக் காற்றாடி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தொலைக்காட்சியில் ஒட்டவில்லை. பின்பலகையின் மேல்பிளவில், வெளியே இழுக்கும்படி மாட்டினேன். உள்ளே ஊதுவதல்ல, வெளியே இழுப்பது. அதுதான் காற்று தானாகப் போக நினைக்கும் திசை.

விளக்கும் செருப்பும்

அன்று மாலை ஆறரை மணிக்குப் பெரியம்மா விளக்கேற்றினார். ஏழு மணிக்குப் பெரியப்பா தொலைக்காட்சியைப் போட்டார். பின்னாலிருந்து சுவரோரமாக மேலெழுந்த காற்று சாமி அலமாரியின் பின்விளிம்பில் ஏறி வந்து, சுடரை முன்பக்கமாக வளைத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சுடர் ஒருமுறை நிமிர்ந்து, மறுபடி வளைந்து, திரியின் நுனியில் ஒரு நீலப் புள்ளியாகச் சுருங்கி, போயிற்று. ஒரு கோடு புகை மட்டும் முருகன் படத்தின் கண்ணாடி மேல் படர்ந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. பெரியம்மா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு விளக்கை ஏற்றினார்.

மறுநாள் காற்றாடி பின்பலகையிலிருந்து மாடத்தின் வலப்பக்கச் சுவருக்கு இடம் மாறியது. மேல்மூலையில் ஒரு வட்டத்துளை. காற்று கொல்லைப்பக்கச் சன்னலை நோக்கிப் பக்கவாட்டில் போகும். மேல்பிளவில் முக்கால் பங்கை ஓர் அட்டையால் மூடினேன். இல்லாவிட்டால் காற்றாடி அந்தப் பிளவு வழியாகவே பக்கத்திலிருக்கும் காற்றைக் குடித்துவிட்டு, கீழேயிருந்து இழுக்காமல் ஏமாற்றும். சுடர் அசையவில்லை. மேல்துளை 44, கீழே 35.

அப்புறம் ஒரு முனகல். காற்றாடியைத் தேக்கில் நேரடியாகத் திருகியதால், மாடம் முழுவதும் வீணையின் குடம்போல அதிர்ந்தது. காற்றாடியின் சத்தம் சிறிது. அதைப் பெரிதாக்கிப் பாடியது மரம். ரப்பர் துண்டுகளை இடையில் வைத்தால் அடங்கிவிடும். வாசலில் அறுந்து கிடந்த ஒரு ரப்பர் செருப்பிலிருந்து நான்கு வட்டம் வெட்டி வைத்தேன், முனகல் நின்றது. இரண்டு நாள் கழித்துப் பேரன் அதைப் பெருமையாகப் பாட்டியிடம் சொல்லிவிட்டான். சாமிக்கு ஒரு சாண் கீழே செருப்பு! அடுத்த ஞாயிறு நான் போனபோது காற்றாடி கழற்றப்பட்டு மேசை மேல் இருந்தது, பக்கத்தில் பெரியம்மா வாங்கி வைத்திருந்த புதுச் சைக்கிள் டியூப் ஒன்று. அதை வெட்டி மாட்டினேன். செருப்பைவிட நன்றாகவே அதிர்வை விழுங்குகிறது.

பின்னொளி

கடைசியாகச் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும். பெட்டியின் படஅமைப்பு இன்னும் கடையில் காட்சிக்கு வைக்கும் நிலையிலேயே இருந்தது: திரைக்குப் பின்னால் எரியும் விளக்குகளின் ஒளி, அதாவது பின்னொளி, 100. கடையின் வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க வைத்த அளவு அது, நடுக்குகைக்குத் தேவையில்லை. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் 92 காட்டியது. பின்னொளியை 60க்கு இறக்கினேன், 61 வாட். திரையில் வரும் சூட்டில் பெரும் பங்கு எல்.இ.டி. விளக்குகளுடையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"மங்கலாக இருக்கிறதே, தம்பி."

"இரண்டு நாள் பாருங்கள் பெரியப்பா. பிடிக்காவிட்டால் மாற்றிவிடுகிறேன்."

மூன்றாம் நாள் அவருக்கு அது நினைவில்லை. மேல்துளை 40.

ஆக 57இலிருந்து 40. ஸ்டெபிலைசரை வெளியேற்றியதில் 2, இரண்டு பிளவுகளில் 7, காற்றாடியில் 4, பின்னொளியில் 4. மின்வழங்கியில் இருக்கும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்களுக்கு ஒரு பழைய கட்டைவிரல் கணக்கு உண்டு: பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். 17 டிகிரி என்றால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அது கணக்குத்தான், வாக்குறுதி அல்ல.

பின்மூடியை நான் எங்கும் திறக்கவில்லை, துளையும் போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கிடைத்திருக்கலாம். ஆனால் உள்ளே 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது 325 ஆகிறது. சில மின்வழங்கிகளில் அதை 390 வரை ஏற்றுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். துளையிடும்போது உதிரும் பிளாஸ்டிக் சுருளோ உலோகத்தூளோ பலகை மேல் விழுந்தால் சூடு என்ற பிரச்சினையே இல்லாமல் போய்விடும், பெட்டியோடு சேர்ந்து.

மழைக்காலம்

மே நடுவில் மழை பிடித்தது. ஜூனில் காற்றாடி கரகரத்தது. கழற்றிப் பார்த்தால் இறக்கைகளுக்கிடையே பஞ்சுத்தூசியும் ஒரு பல்லியின் வாலும். பல்லி தப்பித்துவிட்டது. வால் எந்தத் திசையில் விழுந்து கிடந்தது என்று பெரியம்மா கேட்டார். காற்றாடி சுற்றும்போது திசை ஏது? கொசுவலையைக் கத்தரித்துத் துளைக்கு மூடினேன். இரண்டு வாரத்தில் வலைக்கண்கள் தூசியால் அடைத்து, 40 இருந்தது 43 ஆனது. வலையை எடுத்துவிட்டு, விரலும் பல்லியும் நுழையாத அகலக்கண் கம்பிச் சல்லடை போட்டேன். மாதம் ஒருமுறை தூரிகை. இப்போது 40, 41.

அணைவது அடியோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களை மாடத்தின் வலப்பக்கம் அழைத்துப் போய், கையை நீட்டி வைக்கச் சொல்லி, வெதுவெதுப்பான காற்றைக் காட்டுகிறார் பெரியப்பா. "இந்தக் காற்றாடிதான்" என்கிறார். பிளவுகளைப் பற்றி அவர் சொல்வதில்லை. அவை பின்னால் இருக்கின்றன, கண்ணில் படாது.

ஆகஸ்டில் ஒரு குறை தெரிந்தது. வெள்ளைத் திரை வரும்போது கீழ் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நிழல். திரைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் எல்.இ.டி.களில் ஒன்று ஒளி இழந்திருக்கிறது. அடைபட்ட மாடத்துக்குள் மூன்று ஆண்டு வெந்த கணக்கு அது. இன்று எத்தனை காற்று விட்டாலும் திரும்பி வராது. எல்.இ.டி.கள் பதித்த கீற்றை மாற்றலாம், ஆனால் அதற்குத் திரைக் கண்ணாடியையே தூக்க வேண்டும். தீபாவளி கழிந்து குளிர் தொடங்கியதும், அந்த வேலை தெரிந்த ஒருவரை அழைத்து வருகிறேன் என்றேன்.

பெரியப்பா நிழலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அந்த மூலையில் யாரும் வந்து நிற்பதில்லை, தம்பி" என்றார். "எல்லாரும் நடுவில் நின்றுதான் அழுகிறார்கள்."